எகிறிய கோடு

தோசைக்கல் போதவில்லை.

ரெங்கம்மாள் அதை வயல் நடுவில் புதைத்து இரண்டு நாளாயிற்று. நீளக் கயிற்றில் குண்டு மாதிரி ஒரு கருவியைத் தொங்கவிட்டபடி ஹெலிகாப்டர் ஏரோட்டுவதுபோலப் போனது, திரும்பியது, மறுபடி போனது. ஒரு கணம்கூட நிற்கவில்லை.

மகன் பரிதி குவைத்தில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் ஆறு வருஷம். போன வெள்ளிக்கிழமை போனில், "இங்க உள்ளது நம்மூர்ல இருந்தா நான் ஏம்மா இங்க கெடக்கேன்?" என்றான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லைப் புதைக்கும் முன்பே டீக்கடையில் சர்வேக்காரரைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

"அந்தக் குண்டு எதைப் பாக்குதுங்க?"

"அடியில பாறை எவ்ளோ ஆழம்னு காந்தத்தை வெச்சுப் பாக்குதும்மா. எண்ணெய் எங்க தேங்கும்னு அதுலேருந்து கணிப்போம். நடுவுல பெரிய இரும்பு கெடந்தா கோடு எகிறிடும்."

எகிறினால் நிற்பார்கள். நின்றால் தோண்டுவார்கள். தோண்டினால் பரிதி வருவான்.

பக்கத்து வயல் இராஜாங்கத்தின் டிராக்டர் இரும்புச் சக்கரம் ஒன்று களத்தில் கிடந்தது. நாற்றுக்கட்டு சுமந்தே காய்த்த தோள், உருட்டிப்போய்ப் புதைத்துவிட்டாள்.

மறுநாளே இராஜாங்கம் வந்தார். எண்ணெய் எடுக்கக் கூடாதென்று ஊரைத் திரட்டுகிறவர்; அவர் மகனும் வெளிநாட்டில்தான்.

"மேல சுத்துற இந்தத் தட்டானைக் கல்லால அடிக்கணும்க்கா. ஆமா, என் சக்கரத்தைப் பாத்தியா? மேட்டூர்த் தண்ணி வந்தா சேறடிக்கணும்."

"விரிசல் விட்டிருந்துச்சு தம்பி. குத்தாலம் பட்டறைக்கு வெல்டிங்குக்கு அனுப்பிட்டேன்."

இராஜாங்கம் உருகிப்போனார். சாயங்காலமே அடுத்த சக்கரத்தையும் உருட்டி வந்தார்.

"இதுலயும் விரிசல்தான். சேத்து அனுப்பிடுக்கா."

அதையும் புதைத்தாள். வேறென்ன செய்வாள்?

அடுத்த வாரம் ஜீப் வந்தது. இரும்பைத் தேடும் கோலோடு நடந்த இரண்டு பேர் அவள் வயல் நடுவில் நின்றார்கள். தோண்டினார்கள். ரெங்கம்மாள் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டு சக்கரமும் தோசைக்கல்லும் வெளியே வந்தன.

இராஜாங்கம் ஓடி வந்தார். "அடிப்பாவி! இதுவா குத்தாலம்?"

"என் புள்ளை மொகத்தைப் பாத்து ஆறு வருஷமாச்சுய்யா!" வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மண்வெட்டிக்காரர் வியர்வையை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சத்தம் போடாதீங்கய்யா, உங்க வயல்ல பொதைச்ச ஆயில் இன்ஜினைக் காலையிலதான் எடுத்தோம், இந்த ஊர்ல இது முப்பத்தெட்டாவது குழி. சொல்லுங்கம்மா, உங்க புள்ள எந்த நாட்டுல?"