கோழிகளுக்கு வைத்த வத்தல்

மொன்றியல் பனிக்காலத்தை எங்கள் எல்லாரையும்விட மரியாதையாகக் கழித்தவை கீழ்வீட்டு வத்தல் அண்ணையின் நான்கு கோழிகள்தான். செயின்ட்-மிஷேலில் மேல்வீட்டில் நான் பாணும் பருப்பும் தின்று நடுங்கிக்கொண்டிருக்க, கீழே பின்வளவில் அவை பூசணியும் கீரையுமாக விருந்து சாப்பிட்டன.

அண்ணைக்கு வேறு பெயர் இருந்தது. கோடையில் அவருடைய காரில் ஒருமுறை ஏறினால் அது மறந்துபோகும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மிஞ்சும் சுக்கினி, பூசணி, பீற்றூட் இலை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, மெல்லிசாக அரிந்து, காருக்குள் பரப்பி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வெயிலில் விட்டுவிடுவார். ஒருநாள் மெட்ரோவில் இறக்கிவிடச் சொன்னேன்.

“ஏறும் தம்பி. பின் சீட்டிலை இருக்காதையும், அங்கை பீற்றூட் இலை காயுது.”

“முன்னுக்கும் பூசணி கிடக்கே அண்ணை?”

“அந்தத் தட்டை மடியிலை வச்சுக்கொள்ளும். பிரட்டிப் பிரட்டி விட்டால் இன்னும் நல்லம்.”

மெட்ரோ வரும்வரை பிரட்டினேன். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எங்கே போவதென்றாலும் பஸ்தான்.

காய்ந்ததைப் போத்தல்களில் அடைத்து பேஸ்மென்டில் அடுக்குவார். உப்பு ஒரு கல்லும் போடமாட்டார், கோழிக்கு ஆகாதாம். பனி கொட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு கைப்பிடியாகச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

மார்கழியில் நத்தார் லீவுக்கு ரொறன்ரோவிலிருந்து அக்காவின் தங்கை பவா வந்தாள். அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம் அந்தப் போத்தல்கள் அவள் கண்ணில் பட்டன. எங்கள் ஆட்கள் வத்தலைக் கண்டால் எண்ணெய்ச் சட்டியைத்தான் தேடுவார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி அவ்வளவையும் பொரித்துவிட்டாள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பொரித்தாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று சோறு, சொதியோடு நான் ஒரு பிடி பிடித்தேன். அண்ணை பனி தள்ளிவிட்டு உள்ளே வந்தார்.

“இருங்கோ அத்தான். உந்த வத்தலை அக்கா ஒளிச்செல்லோ வச்சிருக்கிறா!”

“எல்லாம் பொரிச்சாச்சோ பிள்ளை?”

“ஓம், ஒண்டும் மிச்சம் விடேல்லை.”

அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் உட்கார்ந்து, கோழிகளின் மாசி மாதத்தைக் கறுமுறுவென்று கடித்து, “நல்லாயிருக்கு” என்றார். பவா ரொறன்ரோ திரும்பிய பிறகுதான் அக்கா அவளுக்கு விஷயத்தைச் சொன்னார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க, வீட்டுக்கு வாங்கிய கீரையெல்லாம் கோழிகளுக்கே போனது. “கோழிக்கு வல்லாரை, எனக்கு வெறும் சோறு” என்று அக்கா புறுபுறுத்தார். அப்படியும் மாசிக் கடைசியில் மூத்த கோழி செத்துப்போயிற்று. வயசு போய்விட்டது, வேறு காரணம் இல்லை என்று எல்லாரும் சொன்னோம். அண்ணை கேட்கவில்லை.

அன்றைக்குப் பார்த்துப் பவா தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“அத்தான், கோழியள் சுகமோ? யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரையே இல்லை.”

“நாலும் சோக்காயிருக்கு பிள்ளை. நீ ஒண்டுக்கும் யோசியாதை. மூத்தது இப்பத்தான் முட்டையிட்டது” என்றார். அந்த மூத்தது துவாயில் சுற்றியபடி அவர் கையில் கிடந்தது.

இப்போது அண்ணையும் அக்காவும் புரோசார்ட்டில் மகளோடு இருக்கிறார்கள். அந்த அடுக்குமாடிக் கொண்டோவில் கோழி வளர்க்க விடமாட்டார்களாம். அண்ணையைச் சொல்லி நாங்கள் சிரித்த நேரத்தில் பாதியையாவது அவரோடு கழித்திருக்கலாம். அவ்வளவு அன்பாகப் பொய் சொல்ல ஒரு மனுசன் கீழ்வீட்டில் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.