எருமைப் பாறையும் அரை மணி நேரமும்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறை எடைக்கருவியில் மலைப்பையை நிறுத்தது. பையோடு ஏறினார் அப்பா. பை இல்லாமல் ஏறினார். மகள் கழித்துச் சொன்னாள்: பதினொன்றே கால் கிலோ. மலையில் விட்டுவந்த ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துவரத்தான் அந்தப் பை. ஃபிளாஸ்க்கின் எடை அறுநூறு கிராம்.

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். பாதைவிலகிகள். மலையடிவாரத்தில் யாரோ மெனக்கெட்டு மஞ்சள் அம்புக்குறி வரைந்து, தொலைவு எழுதி, வழுக்கும் இடத்தில் கைப்பிடிக் கம்பியும் நட்டு வைத்திருப்பார்கள். இவர்களோ அந்தப் பலகை முன்னால் நின்று, குழந்தை கிறுக்கிய படத்தைப் பார்ப்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்து, புதருக்குள் நுழைந்து, முழங்காலைச் சிராய்த்து, முகட்டுப் பாறைகளில் பல்லிபோல் ஒட்டி ஊர்ந்து, பாதையில் வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து இறங்கும் நேரத்தில் உச்சியை அடைவார்கள். கேட்டால், குறுக்கு வழி.

"பாதைல போறதுக்கு நான் எதுக்கும்மா? பாதையே போயிக்கும்" என்பார் அப்பா.

தனியாகத்தான் போவார்கள். துணைக்கு ஆள் வந்தால், இதுதான் வழியா என்று கேட்டுத் தொலைப்பாரே! ஒரே ஒருமுறை அப்பா தன் மைத்துனரை அழைத்துப் போனார். மாமா அதன்பின் இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இவர்களுக்குப் பிடித்தது இலையுதிர்காலம். காரணம் அழகு என்று நினைக்கிறீர்களா? உதிர்ந்த இலை பாதையை மூடிவிடுகிறது. விலகினோம் என்ற பழியே இல்லை.

மலை இல்லாத நாட்களில் நோய் தணிந்துவிடுமா? ஒருமுறை மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்குப் போன அப்பா, தரையில் ஒட்டியிருந்த நீலக்கோட்டை மதிக்காமல் நடந்து, சலவை அறையில் போர்வைக் குவியலுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார். "இங்கேருந்து பார்த்தாதான் கட்டடம் புரியுது" என்றார் சலவைக்காரரிடம்.

மகளுக்குக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. தராசு, அழுத்தமானி, வெப்பமானி. பிழை இல்லாத கருவி கிடையாது. பிழை எவ்வளவு என்று தெரிந்தால் கருவியை நம்பலாம். அப்பா எப்போது ஃபோன் செய்தாலும் "அரை மணில வந்துடுவேன்" என்பார். பதினோரு பயணங்களை அவள் குறித்து வைத்துச் சராசரி எடுத்தாள். அப்பாவின் அரை மணி, இரண்டு மணி நாற்பது நிமிடம். அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அம்மா அதைப் பார்த்துத்தான் அடுப்பை மூட்டுவாள்.

போன மாதம் அப்பா மலையிலிருந்து ஃபிளாஸ்க்கின் மூடியோடு மட்டும் திரும்பினார். அம்மா பதினெட்டு வருடம் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுபோன ஃபிளாஸ்க்.

"மூடி இங்க இருக்கு. மிச்சம் எங்கங்க?"

"முகட்டுல பத்திரமா இருக்கு. எருமை மாதிரி ஒரு பாறை. அதுக்கு அடியில."

"எல்லாப் பாறையும் எருமை மாதிரிதான் இருக்கும்."

"இது படுத்திருக்கிற எருமை."

"எனக்கு அது வேணும். சொல்லிட்டேன்."

சனிக்கிழமை கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பையை நிறுத்தார்கள். எந்தப் பாறையிலிருந்து உருளப்போகிறாரோ என்று அம்மா இருபத்தேழு வருடம் பயந்திருந்தாள். சனிக்கிழமை காலை, சமதரையில், ஷூ நாடா கட்ட உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அவர் எழவில்லை. இதயம். இடது ஷூ கட்டியாகிவிட்டது. வலது பாக்கி.

மூன்றாவது வாரம், அம்மா மூடியைக் கழுவித் துடைத்து மறுபடி அலமாரியில் வைப்பதை மகள் பார்த்தாள். அன்று அம்மா கழுவியது நான்காவது முறை. ஞாயிற்றுக்கிழமை மகள் பையை எடுத்தாள். நிறுத்தாள். நாலரை கிலோ. மூடியைப் பக்கவாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பாதைலயே போ" என்றாள் அம்மா.

"பாதைலதான்மா போவேன். நான் என்ன அப்பாவா?"

மஞ்சள் அம்புக்குறி வரை சரியாகவே போனாள். அம்பு வலப்பக்கம் காட்டியது. வலப்பக்கம் போனால் முகட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தேவையே இல்லாத சுற்று, வரைந்தவனுக்கு வடிவியல் தெரியவில்லை என்று தோன்றியது. லேசாகச் சிரித்தாள். இடப்பக்கம் ஏறினாள்.

மாலை ஐந்தே கால் மணி வரை பதினேழு எருமைகளை எண்ணினாள். ஒன்பது படுத்திருந்தன. ஆறின் அடியில் கைவிட்டுப் பார்த்தாள். இலைதான் வந்தது. வெளிச்சம் குறைய, கால்சட்டை முழங்காலில் கிழிய, அம்மாவின் ஃபோன் வந்தது.

"எங்க இருக்க?"

"இறங்கிட்டேம்மா. இன்னும் மூணு பாறை பாக்கி. அடுத்த வாரம் பார்த்துக்கறேன்."

"எப்ப வருவ?"

"அரை மணில."

மறுமுனையில் குளிர்பெட்டிப் பக்கம் நடக்கும் செருப்புச் சத்தம்.

"சரி" என்றாள் அம்மா. "அடுப்பை எட்டு மணிக்கு மூட்டறேன்."

வாசகரே, நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அம்புக்குறியைப் பார்த்து நீங்கள் கடைசியாகச் சிரித்தது எப்போது? 'அரை மணி' என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? ஒருமுறை உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடி அவள் பையில் இருக்கிறது. ஃபிளாஸ்க் இன்னும் மேலேதான்.