தோல் போகலாம், ஆள் போகக் கூடாது

லண்டனைப் பற்றி லண்டன்காரர்களைவிட அதிகமாகக் கவலைப்பட்ட மனிதர் ஒருவர் அறுபதுகளில் தாராவியில் இருந்தார். அவரை எல்லோரும் ‘காமன் மார்க்கெட்’ என்றுதான் கூப்பிடுவோம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு; அது சம்பளப் பதிவேட்டோடு சரி.

நாங்கள் இருவரும் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்த்தோம். நான் மாதுங்காவிலிருந்து பஸ் பிடித்து வரும் டைப்பிஸ்ட். அவர் ஷிப்பிங் கிளார்க், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பதனிட்ட ஆட்டுத்தோல் முழுக்க லண்டனுக்குத்தான் போயிற்று. அவருடைய தங்கை ராணியும் நர்ஸ் வேலைக்கு அங்கேதான் போயிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண். இவர்தான் படிக்கவைத்துக் கப்பலேற்றினார். “நீ முன்னால போ, பின்னாலயே நான் வாறேன்” என்று சொல்லி அனுப்பியவர் பெட்டி கட்டுவதற்குள் சட்டம் வந்துவிட்டது. இனி வேலைக்கு வருகிறவன் வவுச்சர் என்கிற அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்றது பிரிட்டிஷ் சர்க்கார்.

அதே சர்க்கார்தான் அப்போது, ஐரோப்பாவில் இத்தாலி உள்பட ஆறு நாடுகள் சேர்ந்து வைத்திருந்த ‘காமன் மார்க்கெட்’ என்ற பொதுச் சந்தையில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனுப் போட்டிருந்தது. அந்தச் சந்தையில் சரக்கும் தாராளமாகப் போய்வரும், போகப்போக வேலை தேடும் ஆளும் போய்வரலாம் என்று பேப்பரில் போட்டிருந்தான். காலையில் அவர் பேப்பரை விரித்துச் சத்தம் போட்டு வாசித்தால் ஆபீஸில் அரை மணி நேரம் வேலை நடக்காது.

“வே, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இத்தாலிக்காரனுக்கு ஒழுங்கா குட்மார்னிங் சொல்லத் தெரியாது. நாளைக்கு அவன் லண்டனுக்குப் போலாம். நான் போகக் கூடாது. ஆனா நான் கட்டி அனுப்புற ஆட்டுத்தோல் மட்டும் போலாம். ஆட்டுத்தோல் என்ன மெட்ரிக் பாஸ் பண்ணிருக்கா?”

“சரக்கு வேற, ஆள் வேற இல்லையா சார்?” என்றேன்.

“அப்போ அந்த ஆறு தேசத்துக்கு மட்டும் ரெண்டும் எப்படிவே ஒண்ணாச்சு?”

நான் மெஷினில் தாளைச் செருகினேன். அவர் தோல் உலர்த்தும் ஆட்களிடம் போய்க் கேட்டார். காமன் மார்க்கெட் என்பது தாதரில் புதிதாகத் திறக்கப்போகிற காய்கறிச் சந்தை என்று நினைத்து, அவர்கள் வெங்காய விலையை விசாரித்தார்கள்.

முதலாளியின் கவலை வேறு. பிரிட்டன் அந்தச் சந்தையில் சேர்ந்தால் நம் தோலுக்கு வரி விழும், வியாபாரம் படுத்துவிடும். ஆகவே சேரக் கூடாது என்று தினம் தொழுதார். காமன் மார்க்கெட்டால்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. சேர்ந்தால் ஆளுக்கும் கதவு கொஞ்சம் திறக்குமோ என்று, சேர வேண்டுமென ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபிக்கச் சொன்னார். தோல் போகாவிட்டால் இத்தனை குடும்பம் பட்டினியாச்சே என்று அடுத்த ஞாயிறு மாற்றி ஜெபிக்கச் சொன்னார். மூன்றாவது ஞாயிறு போதகர் அவரை வாசலிலேயே மடக்கினார்.

“எதுக்கு ஜெபிக்கணும்னு மொதல்ல தீர்மானம் பண்ணிட்டு வாரும். கர்த்தரையும் சேத்துக் கொழப்பாதேயும்!”

வவுச்சருக்கு மனுப் போட்டு நாலு மாதம் ஆயிற்று. ‘வரிசையில் இருக்கிறது’ என்று ஒரு கார்டு வந்ததோடு சரி. ஒருநாள் மத்தியானம் என் மெஷினில் அவரே உட்கார்ந்து இன்வாய்ஸ் அடித்தார். நான் படித்துப் பார்க்காமல் உறையில் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில், லண்டனில் எங்கள் தோலை வாங்குகிற துரையே தாராவியில் வந்து இறங்கினார். கையில் அந்த இன்வாய்ஸ். கடைசி வரி இப்படி இருந்தது: ‘குமாஸ்தா, ஒன்று. தாராவி வெயிலில் நன்றாகப் பதனிட்டது. ஓட்டை, கிழிசல் இல்லை. இதற்கு மட்டும் ஏன் தடை என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.’

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. “லண்டன் வரைக்குமா வே லஃப்டா பண்ணி வம்பு இழுப்பீரு? ஆர்டர் போச்சுன்னா இத்தன பேருக்கும் நீரா சோறு போடுவீரு?”

துரை சிரிக்கவில்லை. ஒரு தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, “யார் அது?” என்று கேட்டார். காமன் மார்க்கெட் எழுந்து நின்றார். இத்தாலிக்காரனைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையின் பெயரைச் சொன்னார். அங்கே குளிரில் தனியாக இருக்கிறாள், பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன், ரெண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது என்றார். அவ்வளவுதான்.

துரை இன்வாய்ஸை மடித்துப் பையில் வைத்தார். “எனக்கும் இது புரியவில்லை. எங்கள் மந்திரிகளுக்குப் புரிந்திருக்கிறதா என்பதும் சந்தேகம்தான். ஆனால் என் கிடங்கில் தோலைத் தரம் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். கையில் வேலை இருப்பவனுக்கு வவுச்சர் சீக்கிரம் கிடைக்கும்.”

கிடைத்தது. அதற்குள் பிரான்ஸ் முடியாது என்று சொல்லிவிட, பிரிட்டன் அப்போது அந்தச் சந்தையில் சேரவில்லை. தோலுக்கு வரியும் இல்லை, இவருக்குத் தடையும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் அவருக்குத்தான் பெரிய குழப்பம். பாலார்ட் பியர் கப்பல்துறையில் என்னைக் கட்டிக்கொண்டு, “வே, நெசமாச் சொல்லும். இப்ப நான் ஆளாப் போறேனா, சரக்காப் போறேனா?” என்றார்.

“ஏறுங்கோ சார், சங்கு ஊதறான்” என்றேன்.

அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. லண்டனில் கட்டுகளைப் பிரிக்கிறவர் அவர்தான் என்பதால், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்டுக்குள் பழைய தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றை மடித்துச் செருகிவிடுவேன். அது சரியா தப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கிடங்கில் உட்கார்ந்து அவர் அதைச் சத்தம் போட்டு வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.