நாலு கயிற்றுச் சபதம்

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் கொசு கிரீம் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு சபதம் செய்தார்.

“இனிமே அந்தக் கொசுவலைக்குள்ள படுத்தா என் பேரு திருமலை இல்ல.”

பெயரைச் சொன்னது அவர்தான். கல்யாணமானதிலிருந்து அது என் வாயில் வந்ததில்லை. பெருமாளைக் கும்பிடப் போனால்கூட, ‘மேலே கோயிலுக்குப் போறோம்’ என்பேன். அவரை ‘அருள்குமார் நைனா’ என்று பிள்ளையை வைத்துத்தான் கூப்பிடுவேன்; நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. பிள்ளை ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் பெயர் மட்டும் இங்கே உழைக்கிறது.

வலைமேல் அவருக்கு என்ன கோபம்? அதைக் கட்டுவது அவர் வேலை. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். பகலெல்லாம் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிற கை, பொழுது சாய்ந்தால் நாலு கயிற்றைப் பார்த்து அழும்.

“வலைய மடிச்சுப் பரண்மேல போடு. எல்லாரும் கிரீம் பூசிக்கினு படுக்கலாம்.”

“எல்லாரும்னா?”

“நீ, நான், ஜரிகை.”

ஜரிகை எங்கள் பூனை. முதுகில் மஞ்சள் கோடு ஓடும். எலி பாவு நூலைக் கடிக்காமல் தறியைக் காப்பது அவள்தான். அப்போதுதான் நூல் கூடையில் குட்டி போட்டிருந்தாள். குட்டிகளின் காதில் கொசு மொய்ப்பதைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனசுதான், முருகா. புத்திதான் கொஞ்சம் பின்னால் நடந்து வரும்.

முதலில் தனக்குப் பூசினார். கை, கால் போதும் என்றேன். பனியனுக்குள், கண் இமைமேல் எல்லாம் பூசினார். கண் எரிந்தது. நான்தான் தண்ணீர் ஊற்றி முகத்தைக் கழுவிவிட்டேன். அப்புறமும் டியூபோடு கூடைக்குப் போனார்.

“வேணாங்க. பூனை உடம்ப நக்கிக்கினே கெடக்கும். எல்லாம் வயித்துக்குள்ள போவும். பால் குடிக்கிற குட்டிங்க வாயிலயும் போவும். மனுசங்க பூசறத பூனைக்குப் பூசாதீங்கன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்களே.”

“மனுசனுக்கு ஆவறது பூனைக்கு ஆவாதா? அது இன்னா தனி ராஜ்ஜியமா?”

நான் சண்டை போடவில்லை.

“சரி, பூசுங்க. அதுக்கு முன்னால, அது செய்யப்போறத நீங்க ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க. உங்க கைய நக்குங்க.”

நாக்கை நீட்டினார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, டியூபின் பொடி எழுத்தைப் படித்தார். வாயில் படக் கூடாதாம். கண்ணிலும் கூடாதாம். மெதுவாக மூடியைத் திருகினார்.

“அப்ப குட்டிங்கள கொசு துன்னட்டுமா?”

“வலை சும்மாதானே கீது. உங்களுக்குத்தான் வேணாமே.”

வலையை எடுத்துக் கட்டினார், நாலு மூலையும். கூடையை உள்ளே வைத்து நானும் படுத்துக்கொண்டேன். குட்டிகளுக்குத் துணை வேண்டாமா?

அவர் வெளியே பாயில். கை காலைக் கொசு சீண்டவில்லை. கழுவின முகம் மட்டும் கிரீம் இல்லாமல் இருந்ததே, ஊர்க் கொசு மொத்தமும் அங்கே கூடிவிட்டது. கன்னத்தில் பட்பட்டென்று அடித்துக்கொண்டார்.

“உள்ள இடம் கீதா?”

“ஜரிகை உங்க கைய நக்கும். சோப்பு போட்டுக் கழுவிக்கினு வாங்க.”

கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

“சபதம் இன்னா ஆச்சு?”

“பேர மாத்திக்கிறேன். நீயே ஒண்ணு வையி.”

கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொண்டு வைத்தேன். இப்போதெல்லாம் விளக்கு ஏற்றியதும் வாய் நிறையக் கூப்பிடுகிறேன்:

“ஜரிகை நைனா, கயிறு கட்ட வாங்க.”