டியூக் தொடாத மட்டன் பை

இந்த வீட்டுக்கு யார் தலைவன் என்பதை நிலைநாட்டியே தீருவது என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவு செய்தேன். அப்போது என் மனைவி ஹில்டா வீட்டில் இல்லை. அதனால் துணிச்சலாகவே முடிவு செய்தேன்.

காரணம் டாக்டர். என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, கறி கூடாது, கொழுப்பு கூடாது என்றார். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் விஷயம் எங்கள் இருவரோடு போயிருக்கும். மனிதர் என் மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆயுசு முழுக்க பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியவனுக்கு அன்றிலிருந்து முட்டைக்கோஸ் சூப். மட்டன் பை வாசனையைக்கூட நான் அடுத்த தெருவில் நின்றுதான் பிடிக்க வேண்டியிருந்தது. மட்டன் பை என்றால் தோளில் மாட்டுகிற பை இல்லை. மொறுமொறு மாவுக்குள் ஆட்டுக்கறியை அடைத்துச் சுட்டது. எங்கள் யார்க்‌ஷயர்க்காரனுக்கு அது சாப்பாடு இல்லை, பிறப்புரிமை.

உரிமையை மீட்க வழி கிடைத்தது. பக்கத்து வீட்டு செட்ரிக்கின் ஃபெரெட் குட்டி போட்டிருந்தது. ஃபெரெட்டுக்கு நீள உடம்பு, கீரியின் முகம், கடன் கொடுத்தவனின் பிடி. ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கி வந்தேன். டியூக், டச்சஸ் என்று பெயர் வைத்தேன்.

"என்ன இது?" என்றாள் ஹில்டா.

"ஃபெரெட் குட்டி."

"அது தெரியுது. என் சமையக்கட்டுல எதுக்கு?"

"கொட்டகைல வச்சு முயல் பிடிக்கப் பழக்கப் போறேன். இது என் விஷயம். நீ தலையிடாதே."

"சரி."

இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு, ஹில்டா. இவ்ளோ சின்னக் குட்டிக்குப் பச்சைக் கறி ஒத்துக்காது. நல்லா வேகவச்சு, மாவுக்குள்ள வச்சு, பொன்னிறமா சுட்டுக் குடுக்கணும்."

"மட்டன் பையா?"

"அப்படியும் சொல்லலாம்."

"மிளகு?"

"தூக்கலா."

"தொட்டுக்க கிரேவி?"

"மேல ஊத்தினா நல்லது. பாவம், வாயில்லா ஜீவன். நாமதான் புரிஞ்சுக்கணும்."

"புரியுது, வில்ஃப். நல்லாவே புரியுது."

கொஞ்ச நேரத்தில் அவள் மதில் பக்கம் நின்று செட்ரிக்கிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கொடி விவகாரமாக இருக்கும் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாளே ஆவி பறக்க ஒரு பை கொட்டகைக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, விலங்குகளின் நலனுக்காக, முழுவதையும் நானே சாப்பிட்டேன். என்ன மிளகு! என்ன கிரேவி! நல்ல ஆட்டின் தொடைக்கறி. கறி விஷயத்தில் என் நாக்கை யாராலும் ஏமாற்ற முடியாது. குட்டிகளுக்கு வேண்டிய பச்சை முயல் கறியை, ஹில்டா கடைக்குப் போகும் நேரம் பார்த்து செட்ரிக்கிடம் வாங்கிப் போட்டுவிடுவேன்.

டாக்டரும் தோற்றார், ஹில்டாவும் தோற்றாள். கொட்டகையில் நான் ராஜா.

ராஜாவுக்கு வேலையும் இருந்தது. ஃபெரெட் குட்டி எதையும் முதலில் கடித்துப் பார்த்துத்தான் அறிமுகம் செய்துகொள்ளும். புறங்கையில் முட்டையின் மஞ்சள் கருவைத் தடவி நீட்ட வேண்டும். நக்கி நக்கி, கை என்பது நண்பன், தீனி இல்லை என்று அது கற்றுக்கொள்ளும். டச்சஸ் மஞ்சள் கருவை நக்கி முடித்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். கடித்தால் கையை உதறக் கூடாது, கத்தவும் கூடாது. நான் கத்தவில்லை.

"என்ன சத்தம், வில்ஃப்?" என்று ஹில்டா சமையற்கட்டிலிருந்து கேட்டாள்.

"பாட்டுப் பாடறேன்!"

"சோகப் பாட்டா?"

ஃபெரெட் மூலையில்தான் மலம் கழிக்கும், சுத்தமான பிராணி. எந்த மூலை என்பதை மட்டும் அதுவே முடிவு செய்யும். டியூக் என் பூட்ஸுக்குள் இருந்த மூலையைத் தேர்ந்தெடுத்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அந்த அதிசயம் நடந்தது. பையை முக்காலியில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். டியூக் முக்காலி மேல் ஏறினான். "டேய், தொடாதே!" என்றேன். மோந்து பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டான். டச்சஸிடமும் சொல்லிப் பார்த்தேன். அவளும் அப்படியே. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்கவும் இரண்டு ஜீவன்கள்!

பெருமையில் உடம்பு பூரித்திருக்க வேண்டும். ஆனால் கால்சட்டைதான் நழுவியது. பெல்ட் பழசாகி நீண்டுவிட்டது என்று புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

மதுக்கடையில் எல்லோர் முன்னிலும் அறிவித்தேன். "என் ஃபெரெட் ரெண்டும் நான் வேணாம்னா கறியைத் தொடாது."

செட்ரிக் சிரித்தான். "கறியை? ஃபெரெட்டு?"

"என் பேச்சை மீறாது."

"உன் வீட்டுலயா, வில்ஃப்?"

"கோடைக் கண்காட்சிக்கு வா. ஊரே பாக்கட்டும்!"

கண்காட்சி அன்று காலை புதுப் பையைக் கூடையில் வைத்த ஹில்டா தயங்கினாள். "இதைத்தான் கொண்டுபோகணுமா? யோசிச்சுக்கோ."

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? நான் உனக்காகச் சொன்னேன்."

திடல் நிறையக் கூட்டம். பெரிய தொப்பி வைத்த நடுவர், கையில் சிவப்பு ரிப்பன். அதில் 'பிராணியை மிக நன்றாகப் பழக்கியவருக்கு' என்று எழுதியிருந்தது. பையை உடைத்து மேஜையில் வைத்தேன். குட்டிகளை விட்டேன். "தொடாதே!" என்று இடி மாதிரி முழங்கினேன். இரண்டும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. ஒரே கைத்தட்டல். நான் ஹில்டாவைப் பார்த்து மார்பை நிமிர்த்தினேன்.

செட்ரிக் முன்னால் வந்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு முயல் ஈரலை எடுத்துப் பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"தொடாதே!" என்றேன்.

ஈரல் காணாமல் போனது. மறித்த என் விரலும் கொஞ்சம் போனது. இந்த முறை பாட்டு ஊருக்கே கேட்டது.

நடுவர் பையில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். புருவம் உயர்ந்தது. "என்னம்மா இது?"

"டர்னிப் கிழங்குங்க," என்றாள் ஹில்டா. "கொஞ்சம் பருப்பு, காளான், வெங்காயம்."

"ஆட்டுக்கறி?" என்றேன் நான்.

"ஆடு மேயற வயல் பக்கத்துலதான் விளைஞ்சது."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானா விடுவேன்? "எனக்கு முதல் நாளே தெரியும்!"

"தெரிஞ்சா எதுக்குத் தட்டை வழிச்சு நக்கினே?"

"என்னை ஏமாத்திட்டே, ஹில்டா! கட்டின புருஷனை!"

"உன்னை எங்க ஏமாத்தினேன்? நான் ஃபெரெட்டுக்குத்தானே செஞ்சேன். நீ எதுக்குச் சாப்பிட்டே?"

இதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் உரக்கச் சொல்வேன், யாருக்கும் பயப்பட மாட்டேன்.

நடுவர் சிரித்து ஓய்ந்ததும் ரிப்பனை ஹில்டாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, பின்னாலிருந்து மெதுவாக வந்து, என் கோட்டில் குத்திவிட்டாள். அவள் குத்தி முடிக்கும்வரை நான் கொஞ்சமும் அசையவில்லை, கடிக்கவும் இல்லை என்று செட்ரிக் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.