துப்பாக்கிக்கு நெற்றி எது?

என்னிடம் காலையில் ஒரு ரகசியத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை (வெட்கப்பட்டுத்தான் என்ன ஆகப்போகிறது, வாய் நிற்கவா போகிறது). இப்படிப்பட்டவனுக்குத்தான், மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின ஆண்டு, உடுப்புக்குள் யாருக்கும் தெரியாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டிய வேளை வந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "டேய், பஞ்சு கொண்டா" என்பதுதான் அங்கே என் பெயர். அந்த நேரத்தில் பக்கத்து மாநிலமான ஜொகூரில், தங்காக் தாண்டி, ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் டிரெஸர் வேலை காலியாக இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர்தான் எல்லாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவர்தான், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதும் அவர்தான், பிரசவம் என்றால் ஓடுவதும் அவர்தான். "டிரெஸர் ஐயா" என்று கூப்பிடுவார்கள். அந்த "ஐயா"வுக்காக நான் நடந்தே ஜொகூருக்குப் போயிருப்பேன்.

ஆனால் அது அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து போராடிய கம்யூனிஸ்ட்டுகளுக்கு மருந்துப் பெட்டியின் மேல் ஒரு கண். முன்பிருந்த டிரெஸர் பயந்து ஓடிவிட்டார். அதனால் தோட்டத்துத் துரை ஒரு நிபந்தனை வைத்தார். வருகிறவர் உடுப்புக்குள் கைத்துப்பாக்கி வைத்திருக்க வேண்டும். அதற்கான அனுமதியை ஜொகூர் போலீஸ் தரும். ஆனால் பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தால்தான் தரும். நான் மலாக்காக்காரன் என்பதால் பயிற்சியை மலாக்காவிலேயே முடித்து, அந்தக் காகிதத்தோடு எல்லை தாண்டி வரலாம் என்றார்கள். ஐந்து நாள் பயிற்சி, ஆறாம் நாள் தேர்வு, ஏழாம் நாள் தோட்டத்தில் நிற்க வேண்டும். நான் வராவிட்டால் வருவதற்கு குருபோங் என்ற ஊரில் ஒருவர் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கியைத் தோட்டமே வாங்கி அனுப்பியது. ஆறு குண்டு போடும் சுழல் துப்பாக்கி. தேர்வுவரை அதை வீட்டில் வைத்துக்கொள்ளத் தற்காலிகச் சீட்டு உண்டு. குண்டு மட்டும் போலீஸ் மைதானத்தில்தான். என் அப்பா தையல்காரர். செய்தி கேட்டதும் அளவு நாடாவை எடுத்துத் துப்பாக்கிக்கே அளவெடுத்தார். என் கோட்டுக்குள் இடது பக்கம் ஒரு ரகசியப் பை தைத்தார்.

"எவனாச்சும் கண்டுபிடிச்சிட்டான்னா சொல்லு, நான் கத்திரிக்கோல தூக்கிக் கடல்ல போட்டுர்றேன்" என்றார்.

சத்தியமாக வெளியே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய சாமானைச் சுமந்துகொண்டு போகிறேன், ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன். இறைச்சிக்கடையில் சொன்னேன். மூன்றாம் நாள் காலை மாமாக் கடையில், அதுதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பசியாற உட்கார்ந்தபோது, கடைக்கார பாய் ரொட்டியை வைத்துக்கொண்டே, "தம்பி, அந்தப் பக்கம் சாயாதீங்க, துப்பாக்கி குத்தும்லா" என்றார். கடையில் யாரும் ஆச்சரியப்படக்கூட இல்லை.

ஐந்தாம் நாள் ஆயுத பூசை. அப்பா தையல் மிஷினைத் துடைத்து, கத்திரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு என் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஒரு நிமிஷம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா, இதுக்குப் பொட்டு எங்க வெக்கிறது?"

"நெத்தியிலதாம்ப்பா."

"நெத்தி எதுடா இதுக்கு?"

ஐந்து நாள் பயிற்சி எடுத்த நிபுணன் அல்லவா நான்! யோசிக்கவே இல்லை. "சுடுறப்போ எது எதிராளியப் பாக்குதோ அதாம்ப்பா மொகம். அங்கதான் நெத்தி" என்று குழாயின் வாயைக் காட்டினேன்.

அப்பா ஒரு உருண்டை சந்தனத்தை எடுத்து அங்கே அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. இன்னொன்று வைத்தார். அதுவும் போய்விட்டது. "என்னாடா இது, வெக்க வெக்க முழுங்குது!" என்றார்.

"நெறையா வெய்ங்கப்பா. காலையில வரைக்கும் நிக்கணும்."

(இதைச் சொன்ன வாயைத் தைக்க அன்று வீட்டில் ஊசிக்கும் பஞ்சமில்லை, நூலுக்கும் பஞ்சமில்லை.) நான்கு உருண்டை போனபிறகு ஐந்தாவது நின்றது. அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையைக் கைப்பிடியில் சுற்றி, மிஷின் மேல் வைத்தார். பூசையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். விடிந்ததும் அப்பா காட்டினார். "எடுத்துக்க. பொட்ட மட்டும் அழிச்சிராத" என்றார். பூவோடு பொட்டோடு அப்படியே கோட்டுக்குள் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன்.

அன்று தேர்வுக்கு ஏழு பேர். என் வலப்பக்கம் கிளேபாங்கிலிருந்து வந்த குண்டான ஒரு சீன டௌக்கே (முதலாளி). எதிரே தேர்வு வைக்க வந்திருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார்ஜன் ஓஸ்மான் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

முதலில் குண்டில்லாமல், உடுப்புக்குள் இருப்பதை ஒரே இழுப்பில் எடுத்து நீட்டிக் காட்ட வேண்டும். விசில் ஊதியது. இழுத்தேன். துப்பாக்கி வந்தது. கூடவே மல்லிகையும் வந்து இன்ஸ்பெக்டரின் காலில், சப்பாத்து மேல் விழுந்தது.

"இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பூ, சார்."

"எதற்கு?"

"நேற்று பூசை, சார்."

"யாருக்கு?"

"துப்பாக்கிக்கு, சார்."

டௌக்கே தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சார்ஜன் ஓஸ்மானும் காஜா பேராங்கில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆயுத பூசை அவருக்குப் புதிதல்ல. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து, குண்டு போட உத்தரவு. போடுவதற்கு முன் குழாய்க்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது சார்ஜனின் பாடம். மற்ற ஆறு பேரும் அவசரத்தில் நேரே குண்டைத் திணித்தார்கள். நான் மட்டும் பார்த்தேன். பொறுப்புணர்ச்சி என்று நினைக்காதீர்கள். பூ விழுந்த மானத்தைத் தூக்கி நிறுத்த வேண்டுமே! இன்ஸ்பெக்டர் துரை பார்க்கட்டும் என்று, உருளையைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கியை ஆகாயத்துக்குத் தூக்கிப் பந்தாவாகப் பார்த்தேன்.

ஆகாயம் தெரியவில்லை. ஒரே இருட்டு. சந்தன வாசனை மட்டும் வந்தது.

அடைத்த குழாயில் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும் என்று சார்ஜன் சொல்லியிருந்தார். பேசாமல் இருந்துவிட்டால் கை போகும். சொன்னால் மானம் போகும், வேலையும் போகும். நல்லவேளை, கை எனக்குத் தொழிலுக்கு வேண்டியிருந்தது. "நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

சார்ஜன் ஓடிவந்து உள்ளே பார்த்தார். "அலாமாக்!" என்றவர், மலாயில் என்னிடம் கேட்டதை நம் பாஷையில் சொல்கிறேன்: "ஏன்டா, பொட்டு வைக்க உனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

துடைப்புக் கம்பியை விட்டுக் குத்தினார். ராத்திரி முழுக்க இறுகிப்போன சந்தனம் அசையவில்லை. சுடுதண்ணீர் கேட்டேன். அவருடைய பிளாஸ்கில் பால் சேர்க்காத கோப்பி-ஓதான் சுடச்சுட இருந்தது. அதையே ஊற்றினோம். என் பையில் எப்போதும் இருக்கும் இடுக்கியையும் பஞ்சையும் எடுத்து, ஊறிய சந்தனத்தைத் துளித்துளியாக வெளியே இழுத்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "காதில் அழுக்கு அடைத்தால் இப்படித்தான் எடுப்போம், சார்" என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் குழாயின் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. என்ன இருந்தாலும் சொல்கிறேன், அது சுத்தமான வேலை.

பிறகு சுட்டேன். சுட்டேன் என்றுதான் சொல்ல முடியும், பட்டது என்று சொல்ல முடியாது. ஆறு குண்டில் ஒன்று என் குறி அட்டையின் மூலையைக் கிழித்தது. மூன்று மண்மேட்டுக்குள் போயின. மிச்சம் இரண்டு எங்கே என்று தெரியாமல் முழித்தேன். டௌக்கேயின் அட்டையை எண்ணிய சார்ஜன், ஆறு குண்டு சுட்டவர் எட்டு ஓட்டை போட்டிருக்கிறார் என்று அறிவித்தார். டௌக்கே அடக்கமாகத் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

நான் போய் ஒரு மரத்தடியில் நின்றேன். குருபோங்காரர் என் "ஐயா"வைக் கொண்டுபோய்விட்டார் என்றே முடிவு கட்டினேன்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். அவர் கையில் ஜொகூரிலிருந்து வந்த படிவம் இருந்தது.

"இதில் மதிப்பெண் எழுத இடமே இல்லை. பொதுமக்களுக்கு ஆபத்தில்லாமல் ஆயுதத்தைக் கையாளத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்" என்றார். "இன்று ஏழு பேரில் குழாய்க்குள் பார்த்தவன் நீ ஒருவன்தான். வெட்கத்தை விட்டுக் கத்தியதும் நீதான்."

பேனாவைத் திறந்து எழுதினார்: "இவரால் பொதுமக்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை." என் அட்டையை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்த" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.

மறுநாள் தோட்டத்தில் நின்றேன். "வாங்க, டிரெஸர் ஐயா" என்றார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்வரை அதை ஒருமுறைகூடச் சுடவில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் என் மனைவி அந்தக் காகிதத்தைக் கண்டெடுத்துப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து, நான் பிள்ளைகளிடம் குரலை உயர்த்தினாலும் சரி, பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டைக்குப் போனாலும் சரி, "பயப்படாதீங்க, இவரால ஆபத்தில்லன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு" என்பாள். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். இப்போது என் மருமகன்களும் சொல்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் தோட்டத்து மண்டபத்தில் மாலை போட்டார்கள். மனைவி என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கி, காகிதத்தைப் பிரித்து, அந்த வரியைத் தமிழில் படித்துவிட்டாள். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த, கித்தா மரத்தில் பால்வெட்டும் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "அதுக்கு எதுக்கும்மா கடுதாசி? மூணு புள்ள இவரு கையிலதான் பெத்தேன். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

மனைவி மைக்கை என்னிடம் திருப்பி நீட்டினாள். நான் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, கழுத்து மாலையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.