ரூட்டு நிற்க மாட்டேன் என்கிறது

இயேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகன் ஆரோக்கிய பிரபுவுக்கு, உன் பெரிய மாமா சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை, கிடங்கில் இருக்கும் திராட்சை எல்லோரும் சுகம். கோயம்புத்தூரில் நீயும், நீ கட்டி மேய்க்கும் நானூறு சர்வர்களும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் அனுப்பாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். வாட்ஸப்பில் நான் ஒரு பக்கம் எழுதினாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதோடு குடும்பக் குரூப்பில் உன் சின்ன மாமாவும் இருக்கிறான். அவனைப் பற்றி அவன் படிக்கும்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எங்கள் குளிர்பதனக் கிடங்கில் நீ ஒரு காரியம் செய்து கொடுத்தாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மாதம் பதினோரு தடவை ஞாபகம் வருகிறது. பாகம் பிரித்ததில் ஆபீசும் சர்வரும் என் பக்கம், குளிர் அறைகள் நாலும் உன் சின்ன மாமா ராயப்பராஜ் பக்கம், நடுவில் நெஞ்சு உயரத்துக்குச் சுவர் என்று ஆனபோது, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நெட்வொர்க் போட்டுக்கொண்டோம். அவன் அறைகளில் எத்தனை டிகிரி என்பது என் சர்வருக்குத் தெரிந்தால்தான், சூடு ஏறும்போது இரண்டு பேர் போனிலும் மணி அடிக்கும். அதற்காக, சுவருக்கு அந்தப் பக்கம் போக இதுதான் வழி என்று சர்வருக்கு ஒரே வரியில் ஒரு ரூட்டு போட்டுக் கொடுத்தாய். இரண்டு நிமிட வேலை. நாலு அறையும் திரையில் தெரிந்ததும் உன் அத்தை கைதட்டினாள். நீ ஏறின பஸ் உத்தமபாளையம் தாண்டியிருக்காது, கரண்டு போனது. திரும்பி வந்தபோது சர்வருக்குத் தன் பெயர் ஞாபகம் இருந்தது, தேதி ஞாபகம் இருந்தது, ஆறு வருடத்துக்கு முந்தின லோடு ரசீதெல்லாம் ஞாபகம் இருந்தது. என் தம்பி பக்கம் போகிற வழி மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை கரண்டு வந்ததும் நான் போய் அந்த வரியைக் கையால் அடிக்கிறேன். அடித்தால் மட்டும் போதுமா? அந்தப் பக்கம் அவன் போனில் டிகிரி தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இங்கேதான் சிக்கல். என் பேத்தி ஜெஸ்லின் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா அழைப்பிதழில் அவன் பெயர் 'மற்றும்' என்பதற்குப் பின்னால் அச்சானதிலிருந்து, அதாவது இரண்டு வருடமாக, எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அச்சகத்துக்காரன் செய்த கோளாறு அது. புரூப் பார்த்தது நான் என்பது வேறு விஷயம். ஆகவே இரண்டு பேரும் லோடுமேன் சுருளி மூலமாகத்தான் பேசிக்கொள்வோம். "ஏலே சுருளி, அங்கன டிகிரி வந்துருச்சான்னு கேளு" என்று நான் சொல்வேன். நாலடி தூரத்தில் நிற்கிற உன் சின்ன மாமா, "மூணாம் ரூமு மட்டும் காணோம்னு அவுககிட்ட சொல்லுலே" என்பான். சுருளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பீடி பற்றவைப்பான். போன மாசியில் சுருளி தேனி மார்க்கெட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாங்கள் இன்னும் சுருளியிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சுருளி தேனிக்குப் போயி நாலு மாசமாச்சு. ரெண்டு பேரும் யாரக் கூப்புடுறீக?" என்று கேட்டாள்.

இதை நிரந்தரமாக்க நான் முயற்சி செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. சின்னமனூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரைக் கூட்டி வந்தேன். அவர், சர்வர் எழுந்ததும் அந்த வரி தானாக ஓடும்படி செய்கிறேன் என்று சொல்லி, டீ வடை சாப்பிட்டு, செய்தும் கொடுத்தார். நெட்வொர்க் கார்டு கண் விழிப்பதற்கு முன்பே அந்த வரி ஓடி முடிந்துவிட்டது. யாரும் கதவைத் திறக்காததால் திரும்பிப் போய்விட்டது என்று அவரே விளக்கம் சொன்னார். பிறகு கரண்டே போகாதபடி யுபிஎஸ் வாங்கி வைத்தேன். கரண்டு போனபோதெல்லாம் அது நன்றாகத் தாங்கியது, ஒரு நாள் கரண்டு இருக்கும்போதே தன் பாட்டுக்கு அணைந்து, பிறகு எழவே இல்லை. நான் இல்லாதபோது அடிக்கட்டும் என்று அந்த வரியைத் தாளில் எழுதி உன் அத்தையிடம் கொடுத்தேன். அவள் ஒரு புள்ளியை விட்டுவிட்டாள். மிஷின் இங்கிலீஷில் ஏதோ சொன்னதும் தன்னைத் திட்டுகிறது என்று நினைத்து வயரைப் பிடுங்கிவிட்டாள். அந்த ஒரு மதியம் மூன்றாம் அறையில் சூடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை. மார்க்கையன்கோட்டை விவசாயி ஒருவருடைய பன்னீர் திராட்சை ஒரு லோடு வாடிப்போனது. அந்த மனுசர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வாடின கொத்து ஒன்றைத் துண்டில் முடிந்துகொண்டு போனார்.

அதற்குப் பிறகு கரண்டு போனால் நான் எங்கே இருந்தாலும் எழுந்து ஓடுகிறேன். இன்றைக்குக் கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது ஃபேன் நின்றது. நான் இந்த வரிசையிலிருந்து எழுந்தேன், உன் சின்ன மாமா அந்த வரிசையிலிருந்து எழுந்தான். இருவரும் ஒரே வாசல் வழியாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறினோம். பூசை முடிந்து பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு, "சகோதர ஒற்றுமையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தேன். உதாரணம் எந்திரிச்சுப் போயிருச்சு" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது. அது உன் அத்தை இல்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள்.

ஆகையால் மருமகனே, இந்த மாதக் கடைசிக்குள் நீ நேரில் வந்து உன் கையாலேயே ரூட்டை நிரந்தரமாக்கிக் கொடுக்க வேண்டும். எந்த ஃபைலில் எந்த வரி போட வேண்டும் என்று நீ மெயில் அனுப்பியிருக்கிறாய். இருக்கிறதையும் கெடுத்துவிடுவேனோ என்று அந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை. கரண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகட்டும், நான் யார் குரலையும் கேட்கக் கூடாது, யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. மாதம் பதினோரு தடவை அவன் தொண்டையைச் செருமுகிற சத்தத்தைக் கேட்டு எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இதை நீ செய்யாவிட்டால் மாமன் என்ற உறவையே மறந்துவிடு.

உன் அம்மா உடம்புக்கு நான் விசாரித்ததாகச் சொல். உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைந்து, உன் சர்வரெல்லாம் நோய் நொடியில்லாமல் ஓடி, நீ நீடூழி வாழ மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் பெரிய மாமா
சின்னப்பராஜ்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க ஒரு வாரமாக நேரம் வாய்க்கவில்லை. இடையில் ஒரு வேகத்தில், நீ அனுப்பிய வரியை நானே அந்த ஃபைலில் போட்டுவிட்டேன். ரூட்டு நிலைத்து நின்றுவிட்டது, பிரபு! செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மூன்று தடவை கரண்டு போனது. மூன்று தடவையும் டிகிரி தானாக வந்தது. நான் சுவர் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் ஒரு தடவை போய் நின்றேன். அந்தப் பக்கம் அவனும் நின்றுகொண்டிருந்தான். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் இருவரும் திரும்பி வந்துவிட்டோம்.

நேற்று கரண்டு வந்ததும் ரூட்டைக் காணோம். ஃபைலைத் திறந்து பார்த்தேன். வரி அப்படியே இருக்கிறது, அதன் முன்னால் # என்று ஒரு குறி. அது முன்னால் இருந்தால் மிஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும் என்று கிறிஸ்துமஸுக்கு நீ சொல்லிக் கொடுத்தபோது கேட்டுக்கொண்டிருந்தது நானும் உன் சின்ன மாமாவும் மட்டும்தான். சர்வர் பாஸ்வேர்டு எங்கள் அப்பா பெயர். பாகம் பிரித்தபோது அதை மட்டும் பிரிக்க மறந்துவிட்டோம்.

நான் அந்தக் குறியை எடுக்கவில்லை. வரியைக் கையாலேயே அடித்துவிட்டு, சுவரோரம் போய் டிகிரி வந்ததா என்று கேட்டேன். அவன் நாலு அறையையும் ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்துச் சொன்னான். நீ டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்துவிடு. அப்படியே வந்தாலும் அத்தை கையால் சாப்பிட்டுவிட்டுப் போ, சர்வர் பக்கம் போகாதே.